ஒரு மேசைக்கு இரண்டு லிஸ்பெத்

ப்ரேபன் பேசவே மாட்டான் என்று சொல்வது அபாண்டம். பேசுவான். ஆபத்து என்றால் பேசுவான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரத்தில் முக்கால்வாசிப் பேர் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் கிளட்சை மிதித்துப் பழகியவர்கள். அடுத்தவர் ஓட்டும் காரில், பக்கத்து சீட்டில், தனக்கென்று பொருத்தப்பட்ட தனி பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடியே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டான். தொணதொணவென்று பேசினால் பழகுகிறவருக்குக் கை நடுங்கும். ஆகவே நல்ல வாத்தியார் வாயை மூடிக்கொண்டு வரவேண்டும், கட்டாயம் வந்தால் மட்டும் ஒற்றை வார்த்தை. "நிறுத்து." "திரும்பு." ப்ரேபன் மிக நல்ல வாத்தியார். இந்த நல்ல பழக்கத்தை அவன் வீட்டுக்கும் எடுத்து வந்தான். அங்கேதான் வினை பிடித்தது.

வீட்டில் லிஸ்பெத் இருந்தாள். முப்பது வருஷத்து மனைவி. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் ப்ரேபன், ஊரில் எல்லோரும் சமைத்தவரிடம் சொல்வதுபோல, "சாப்பாட்டுக்கு நன்றி" என்பான். சமைத்தவள் சொல்ல வேண்டிய பதிலை அவளும் சொல்வாள்: "உடம்புல ஒட்டட்டும்." முடிந்தது அன்றைய உரையாடல். மகன் இருந்தவரை நடுவில் கொஞ்சம் சத்தம் இருந்தது. அவன் நார்வேக்கு வேலைக்குப் போன பிறகு, மேசையில் கத்தியும் முள்கரண்டியும் மட்டும் பேசிக்கொண்டன.

வெளிநாட்டுக்காரர்களை சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம் என்பது லிஸ்பெத்தின் யோசனைதான். அதற்கென்றே ஒரு சுற்றுலா நிறுவனம் இருந்தது. அரண்மனையையும் அருங்காட்சியகத்தையும் பார்த்து அலுத்துப்போனவர்களுக்கு, "உள்ளூர்க்காரர் வீட்டில் ஒரு சாதாரண மாலை" என்று ஒன்றை அது விற்றது. விமானம் ஏறி வந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் கிரீடத்தைப் பார்ப்பதைவிட ப்ரேபன் உருளைக்கிழங்குத் தோல் உரிப்பதைப் பார்ப்பது மேல் என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் ஏராளம். நிறுவனத்தின் பக்கத்தில் இவர்கள் பெயரும் ஏறியது: ப்ரேபன், லிஸ்பெத், லிஸ்பெத் கைப்பக்குவத்தில் கொத்துக்கறி உருண்டை. முகத்தைப் போட லிஸ்பெத் சம்மதிக்கவில்லை. மெழுகுவர்த்தி எரியும் தேக்கு மேசையின் படம் மட்டும் இருந்தது. அந்த மேசை லிஸ்பெத்தின் அத்தை சொத்து.

அப்போதுதான் ஊரில் யாருமே எதிர்பாராத அதிசயம் நடந்தது. விருந்தாளிகள் முன்னால் ப்ரேபன் பேசினான்.

"சாதாரண செவ்வாய்க்கிழமை என்ன செய்வீங்க?" என்று ஒரு கனடாக்காரி கேட்டாள். அதுவரை ப்ரேபனிடம் யாரும் செவ்வாய்க்கிழமையைப் பற்றி விசாரித்ததில்லை. காலையில் மழையில் சைக்கிள் மிதித்து ரொட்டி வாங்கப் போவதையும், கண்ணாடியை ஒரு தொட்டியிலும் அட்டையை இன்னொன்றிலும் போடுவதையும், மாடிப்படியைக் கழுவ எந்த வீட்டுக்கு எப்போது முறை வரும் என்பதையும் அவன் விவரித்தபோது அந்தப் பெண் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். தன் குப்பைத் தொட்டி இவ்வளவு சுவாரசியமானது என்று ப்ரேபனுக்கு அன்றுதான் தெரிந்தது. லிஸ்பெத்தும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். விருந்தாளிகள் போன பிறகு, அவன் வழக்கம்போல் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டான்.

வசந்தத்தில் ஒருநாள் லிஸ்பெத் சொன்னாள்: "உன் எதிர்ல உக்காந்து சாப்பிடறதும் ஒண்ணுதான், அடுப்புக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடறதும் ஒண்ணுதான். அடுப்பாவது எப்பவாச்சும் உஸ்ஸுங்கும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சண்டையில்லை. ஒரு பதில் வந்திருந்தால் போதும். பதில் ப்ரேபனுக்குள் இருந்தது, ஏராளமாக இருந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றன. தட்டைத் தள்ளி வைத்து அவன் சொன்னது இதுதான்:

"சாப்பாட்டுக்கு நன்றி."

அன்றைக்கு மட்டும் பதில் வரவில்லை. துணிமணி, தையல் மெஷின், சமையலறையில் தொங்கிய காலண்டர், இவற்றோடு லிஸ்பெத் சில்க்போர்க்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே இடம் ஒழியும்வரை மேசை இங்கேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டைத்தான் ப்ரேபன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மேசை இருக்கும்வரை அதை எடுக்க அவள் ஒருதடவையாவது வருவாள். மேசை இருக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை விருந்தும் இருக்கும். மற்ற ஆறு நாளும் அவன் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றபடி, ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவி, காகிதத்தோடு கையில் பிடித்துத் தின்றான். ஞாயிறு ஒருநாள்தான் தட்டு, மெழுகுவர்த்தி, எதிரே ஒரு மனித முகம். மேசை போனால் மிஞ்சுவது தொட்டியோரம் மட்டும்தான். அவள் போனில் மேசைப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றே ஓட்டிவந்தான். கடைசியில் அவளே தேதி வைத்தாள்: "நாப்பத்திரெண்டாம் வாரம், ஞாயிறு. தங்கச்சி கார், பெட்ரோல் பங்க்ல ட்ரெய்லர், எல்லாம் சொல்லியாச்சு." அந்த ஊரில் கல்யாணமானாலும் பல் பிடுங்குவதானாலும் வருஷத்தில் எத்தனையாவது வாரம் என்று எண் போட்டுத்தான் பேசுவார்கள். ப்ரேபன் "சரி" என்றான்.

நிறுவனத்திடம் அவன் விஷயத்தைச் சொல்லவில்லை. அவர்கள் விதிப்படி விருந்து கொடுப்பது குடும்பமாக இருக்க வேண்டும். தனி ஆண்பிள்ளை வீட்டுக்குள் நுழைய விருந்தாளிகள் யோசிப்பார்களாம். கோடை முழுக்க "மனைவி தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா" என்று சமாளித்தான். பொய்யும் இல்லை. ஆனால் விருந்தாளிகள் ஒருவர் தவறாமல், "எல்லாம் அருமை, லிஸ்பெத்தைத்தான் பார்க்க முடியவில்லை" என்று எழுதிவைத்தார்கள். இன்னொருமுறை இப்படி நடந்தால் பெயரை எடுத்துவிடுவோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது.

ஆகவே ப்ரேபன் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினான்.

கீழ் வீட்டில் இருந்தவள் யூட்டெ. கப்பல் கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், புயலிலும் கேட்கும் குரல்.

"நான் உனக்குப் பொண்டாட்டியா?" என்றாள் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டு. "யோவ் வாத்தியாரே, கப்பல்ல எத்தனையோ பேர் கேட்டிருக்கான். இவ்வளவு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு எவனும் கேக்கல."

"சாயங்காலம் மட்டும். ரெண்டு மணி நேரம்."

"சமைக்கணுமா?"

"நானே சமைக்கறேன். நீ சமைச்சதா சொல்லிக்குவோம். உன் பேரு லிஸ்பெத்."

"என்ன பேசணும்?"

"அவங்க கேக்கறதுக்கு பதில். முடிஞ்சதும் 'சாப்பாட்டுக்கு நன்றி'ம்பாங்க. டேனிஷ்லயே சொல்லுவாங்க, நான் சொல்லிக் குடுத்துடுவேன். நீ 'உடம்புல ஒட்டட்டும்'னு சொல்லணும். அதை மட்டும் மறக்காதே."

"எனக்குத் தெரியாத டேனிஷா? போய் உருண்டையைப் பிடி, போ."

அந்த ஞாயிறு வந்தவர்கள் போர்ச்சுக்கலில் பிராகா ஊர்க்காரர்கள். அடெலினோவுக்கு அங்கே ஹார்டுவேர் கடை. உள்ளே நுழைந்ததும் கதவுக் கீல்களை ஆட்டிப் பார்த்து, "நல்ல சாமான்" என்று சான்றிதழ் கொடுத்தான். மனைவி கிராசியெத் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு சாப்பாடு பரிமாறுகிறவள். யார் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிட்டதுபோல் நடிக்கிறார்கள் என்பது அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆறு மணிக்கே ராச்சாப்பாடா என்று இருவரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆச்சரியப்படத்தானே வந்திருக்கிறார்கள். நால்வரும் ஆளுக்கொரு ஆங்கிலம் பேசினார்கள், எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது.

மேசைக்கு மேலே, உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேராக, விளக்கு தாழத் தொங்கியது. வெளியே அடைமழை. உருண்டை, அவித்த உருளைக்கிழங்கு, பழுப்புக் குழம்பு, ஊறவைத்த வெள்ளரி. ப்ரேபன் பேசினான். மாடிப்படி கழுவும் முறையைப் பேசினான். ரவுண்டானாவைக் கண்டாலே அழும் மாணவர்களைப் பேசினான். அடெலினோ மேசையில் தட்டிச் சிரித்தான். இந்த ஒரு சாயங்காலம் போதும், அடுத்த ஞாயிறுவரை தாக்குப் பிடித்துவிடலாம் என்று ப்ரேபனுக்குத் தோன்றியபோது மணி அடித்தது.

கதவைத் திறந்தான். நனைந்த கோட்டோடு லிஸ்பெத் நின்றாள்.

"ட்ரெய்லரை ரோட்டை அடைச்சு நிறுத்தியிருக்கேன். சீக்கிரம் ஒரு கை பிடி. எட்டு மணிக்குள்ள பங்க்ல திருப்பி விடணும்."

"இன்னிக்கா?" ப்ரேபன் குரலை அடக்கினான். "நாப்பத்திரெண்டாம் வாரம்னு சொன்னே."

"இன்னிக்கி நாப்பத்திரெண்டுதான்."

"நாப்பத்தொண்ணு."

"காலண்டர் என்கிட்ட இருக்கு, ப்ரேபன்."

அதற்குமேல் வாதாட ஒன்றுமில்லை. அவள் போனதிலிருந்து வாரங்களை அவன் மனதாலேயே எண்ணிவந்தான். எங்கோ ஒரு வாரம் எண்ணாமலே போயிருக்கிறது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"யாரு உள்ள?"

"விருந்தாளிங்க. போர்ச்சுக்கல். அப்புறம்…" உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "நீ."

"என்னது?"

"நீயும் உள்ள உக்காந்திருக்கே. யூட்டெதான் இன்னிக்கி நீ."

லிஸ்பெத் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நான் யாரு?"

அவன் யோசிப்பதற்குள் கிராசியெத் எட்டிப் பார்த்தாள். அவள் பின்னால் யூட்டெயின் தலை தெரிந்தது. வாசலில் நிற்பவளைப் பார்த்ததும் யூட்டெயின் முகம் ஒருகணம் வெளிறியது. ஆனால் கப்பலில் இருந்தவள், ஆட்டம் கண்டால் எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும்.

"அட, யூட்டெ!" என்று லிஸ்பெத்தைப் பார்த்து உரக்கக் கூவினாள். "நம்ம கீழ் வீட்டு யூட்டெ! என்னடி மழையில நிக்கறே? வா, வந்து ஒரு உருண்டை சாப்பிடு!"

கிராசியெத் மகிழ்ந்துபோனாள். அக்கம்பக்கத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சாப்பிட உட்காருவது, இதைத்தானே அவள் காசு கொடுத்துப் பார்க்க வந்தது! அவளே நாற்காலியை இழுத்துப் போட்டாள். லிஸ்பெத் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன்னைப் பார்த்தாள். கோட்டைக் கழற்றி, கண்ணை எடுக்காமலே கைநீட்டி சரியான கொக்கியில் மாட்டிவிட்டு, விருந்தாளி இடத்தில் உட்கார்ந்தாள்.

உருண்டையைப் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள்.

"நல்லா செஞ்சிருக்கே, லிஸ்பெத்," என்றாள் யூட்டெயிடம். "உப்பு கொஞ்சம் கம்மி."

"என்ன செய்யறது?" யூட்டெ பெருமூச்சு விட்டாள். வேஷம் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. "முப்பது வருஷமா ஆக்கிப் போடறேன். இந்த மனுஷன் வாயைத் திறந்து ஒருநாள் கம்மின்னோ ஜாஸ்தின்னோ சொன்னாதானே? சுவத்துக்கு ஆக்கிப் போட்டா சுவராவது வெயில்ல காயும்."

ப்ரேபன் குனிந்துகொண்டான். யூட்டெ நடிக்கிறாளா, இல்லை முப்பது வருஷம் கூரை வழியாகக் கேட்டதை ஒப்பிக்கிறாளா என்று புரியவில்லை.

"பேசாதவரா?" அடெலினோ வியந்தான். "வந்ததுலேருந்து இவருதானே பேசிட்டிருக்காரு!"

"அப்படியா?" என்றாள் லிஸ்பெத்.

கிராசியெத் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் எப்படி சந்திச்சீங்க?"

யூட்டெயின் வாய் திறந்தபடியே நின்றது. இதற்கு அவள் தயாரில்லை. "நீயே சொல்லுய்யா," என்று ப்ரேபனைத் தள்ளிவிட்டு, ஒரு முழு உருளைக்கிழங்கை வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

ப்ரேபன் யூட்டெயைப் பார்க்கவில்லை. லிஸ்பெத்தையும் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தான்.

"எங்கிட்ட கார் கத்துக்க வந்தா," என்றான். "அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பரீட்சையில பெயிலானவ. நல்லாத்தான் ஓட்டுவா. ரவுண்டானான்னா மட்டும் பயம். உள்ள போயிடுவா, வெளிய வரத் தெரியாது. ஒருநாள் அப்படித்தான் சுத்திக்கிட்டே இருந்தா. நான் 'திரும்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அதுக்குத்தான் எனக்கு சம்பளம். நான் சொல்லல."

"ஏன்?"

"பின்னாடி வந்தவங்கள்லாம் போயிட்டாங்க. மழை. வைப்பர் போயிட்டு வருது. அவ நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கா. நான் ஒரு வார்த்தை சொன்னா வெளிய போயிடுவா, பாடம் முடிஞ்சிடும். அதனால பேசாம இருந்தேன். என் வாழ்க்கையிலயே அவ்வளவு சந்தோஷமா நான் பேசாம இருந்ததில்ல."

கிராசியெத் போர்ச்சுக்கீசிய மொழியில் என்னவோ முனகினாள். அடெலினோ அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். லிஸ்பெத்தின் முள்கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணு அன்னிக்கி என்ன நெனைச்சான்னு இவருக்குத் தெரியுமா?" என்றாள், யாரையும் பார்க்காமல். "இந்த ஆளுக்கு என் மேல வெறுப்பு, அதான் வாயே திறக்கலன்னு நெனைச்சா. வீட்டுக்குப் போய் அழுதா. அடுத்த பாடத்துக்குப் போகவே கூடாதுன்னு இருந்தா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கிராசியெத்.

"கீழ் வீடு இல்ல? எல்லாம் காதுல விழும்."

யூட்டெ உருளைக்கிழங்கை விழுங்கப் படாதபாடு பட்டாள். கிராசியெத் வேறெதுவும் கேட்கவில்லை. லிஸ்பெத்தின் கோட்டு தொங்கிய கொக்கியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

உருண்டைத் தட்டு இன்னொரு சுற்று வந்தது. அடெலினோ கடைசி உருண்டையை முடித்து, வாயைத் துடைத்து, மாடிப்படியில் ப்ரேபன் சொல்லிக்கொடுத்ததை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தவன்போல் நிமிர்ந்து உட்கார்ந்து, மனைவிக்குக் கண்ணைக் காட்டினான். இருவரும் யூட்டெயைப் பார்த்து, உடைந்த டேனிஷில், சேர்ந்து சொன்னார்கள்:

"சாப்பாட்டுக்கு நன்றி!"

யூட்டெ சிரித்தாள். தலையாட்டினாள். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குத் தெரியாத வார்த்தையில்லை அது. ஆனால் தனியாக சமைத்துத் தனியாகத் தின்கிற வீட்டில் அதற்கு வேலை வந்ததேயில்லை. தன்னைப் பார்த்து ஒருவர் நன்றி சொல்கிறார், தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அவள் புத்திக்கு எட்டவேயில்லை. இரண்டு போர்ச்சுக்கீசியரும் புன்னகையோடு காத்திருந்தார்கள். ப்ரேபன் மேசைக்கடியில் யூட்டெயின் காலைத் தேடி மிதித்தான். மிதித்தது மேசைக் காலை.

"உடம்புல ஒட்டட்டும்."

சொன்னது லிஸ்பெத். சொல்லும்போதே அடுத்தவர் தட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் ஆரம்பித்திருந்தாள். மூன்றாவது தட்டில்தான் அவள் கை நின்றது. கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது.

ப்ரேபன் அந்த வார்த்தையை வசந்தத்துக்குப் பிறகு இப்போதுதான் கேட்டான். இப்போது ஏதாவது பேச வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தெரியாமல் எதிர்த் தடத்தில் ஏறும்போது உடம்பு எப்படித் தெரிந்துகொள்ளுமோ அப்படி. பாதம் தரையில் அழுந்தியது. வாய் திறக்கவில்லை.

லிஸ்பெத் எழுந்தாள். "நான் மேசையை எடுத்துட்டுப் போக வந்தேன்," என்றாள் ஆங்கிலத்தில். "ட்ரெய்லர் காத்துக்கிட்டிருக்கு."

"இந்த மேசையையா?" அடெலினோ விழித்தான். "இங்க இப்படி வழக்கமா?"

யூட்டெ முந்திக்கொண்டு சொன்னாள்: "ஆமா. குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல மேசை கை மாறும். ரொம்ப வருஷத்து வழக்கம்."

அடெலினோவின் முகம் விளக்காக எரிந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம்! சட்டைக் கையைச் சுருட்டினான். மேசைக்கடியில் புகுந்து திருகுகளைத் தடவிப் பார்த்து, "காலைக் கழட்டிடலாம், மரையெல்லாம் தங்கம் மாதிரி இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். நாற்காலிகள் ப்ரேபன் வாங்கியவை, அவை இருக்கும். பலகையை நிமிர்த்தித் தூக்கினார்கள், ப்ரேபன் ஒரு முனை, அடெலினோ மறுமுனை. மேசை இருந்த இடத்தில் விளக்கு மட்டும் வயிற்றுயரத்தில் தொங்கி வெறும் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

வேண்டாம், எடுக்காதே என்று சொல்ல அவனுக்கு மூன்று மாடிப் படி இருந்தது. படியில் அவன் நிறையவே பேசினான். "மெதுவா." "இடது பக்கம் இறக்கு." "சுவர், சுவர்." "நிறுத்து." கால்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த லிஸ்பெத், "இதுக்கெல்லாம் வாய் வருது," என்றாள், டேனிஷில். அடெலினோ படியிறங்கும்போதே ஒரு கையால் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இதுவரை போன எந்த ஊரிலும் இவ்வளவு நிஜமாக ஒன்றைப் பார்த்ததில்லை என்று மூச்சுவாங்கச் சொன்னான். அதில் பொய்யில்லை.

தார்ப்பாய் கட்டியாயிற்று. கிராசியெத் மழையில் இறங்கிவந்து, 'கீழ் வீட்டுக்காரி'யின் கையைப் பிடித்து ஒருகணம் அழுத்திவிட்டு, கணவனை இழுத்துக்கொண்டு மேலே போனாள்.

"இந்தச் சந்துல ட்ரெய்லரோட ரிவர்ஸ் எடுக்க என்னால ஆகாது," என்றாள் லிஸ்பெத். "ஏறு."

ஏறினான். பக்கத்து சீட். கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. அது தங்கையின் கார், அங்கே வெறும் கால்விரிப்புதான் இருந்தது. "இடது. நேரா. இன்னும் கொஞ்சம். நிறுத்து." அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். அவனுடைய மாணவர்களிலேயே சொன்னதை இவ்வளவு துல்லியமாகச் செய்கிறவள் அவள் ஒருத்திதான். வண்டி பெரிய ரோட்டுக்கு வந்தது. இறங்கு என்று அவள் சொல்லவில்லை. இறங்குகிறேன் என்று அவனும் சொல்லவில்லை.

ஊரெல்லையில் ரவுண்டானா. சில்க்போர்க் பலகை பளிச்சென்று தெரிந்தது. லிஸ்பெத் அதைத் தாண்டிப் போனாள். இன்னொரு சுற்று. பலகை மறுபடி வந்தது, மறுபடி போனது. பின்னால் ட்ரெய்லரில் மேசைக் கால்கள் உருண்டு முட்டிக்கொண்டன. வைப்பர் போயிற்று, வந்தது. ரவுண்டானாவிலிருந்து வெளியே வர அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்பது அந்தக் காரில் இருந்த இருவருக்குமே தெரியும்.

தனக்காகத்தான் சுற்றுகிறாள். ப்ரேபன் வாயைத் திறந்தான்.

"லிஸ்பெத்."

"ம்."

மேசையை எடுத்துக்கொண்டு போ, காலண்டரையாவது கொண்டுவந்து மாட்டு, எந்த வாரத்தில் இருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. இதுதான் அவன் சொல்ல வந்தது. வரிசையாக, அச்சடித்ததுபோல் உள்ளே இருந்தது. அந்த போர்ச்சுக்கீசியன் எதிரே உட்கார்ந்து "அப்புறம்?" என்று கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பான்.

"ட்ரெய்லர்ல பின் லைட் எரியுதான்னு பாத்தியா?" என்றான்.

அவள் இண்டிகேட்டரைப் போட்டு, அடுத்த வழியில் வெளியே திரும்பினாள்.

ஹாஸ்லே பஸ் நிறுத்தத்தில் வண்டி நின்றது. "இங்க ஊருக்குள்ள போக பஸ் வரும்," என்றாள். "விருந்தாளிங்களை விட்டுட்டு வந்திருக்கே."

ப்ரேபன் இறங்கி, கதவை மூடாமல் மழையில் நின்றான்.

லிஸ்பெத் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தாள். "அந்த உருண்டை… எத்தனை தடவை செஞ்சு பாத்தே?"

"கொஞ்ச தடவை."

"உப்பு மட்டும்தான் கம்மி." கை நீட்டிக் கதவைப் பிடித்தாள். "சாப்பாட்டுக்கு நன்றி, ப்ரேபன்."

கதவு சாத்திக்கொண்டது. சமைத்தவன் அவன். பதில் சொல்ல வேண்டியவன் அவன். அந்த வார்த்தையை ஆயிரமாயிரம் தடவை கேட்டிருக்கிறான், அவளுக்கு ஒருதடவைகூட சொன்னதில்லை. வாய்க்குள் அதைத் தேடினான். ட்ரெய்லரின் சிவப்பு விளக்குகள் இரண்டும், நன்றாகவே எரிந்துகொண்டு, வளைவில் மறைந்தன.

பஸ் வந்து நின்று, கதவு திறந்தது. அப்போதுதான் அந்த வார்த்தை வெளியே வந்தது, உரக்க, முழுசாக.

"உடம்புல ஒட்டட்டும்!"

டிரைவர் அவனைப் பார்த்தான். ப்ரேபனிடம் கார் கற்றவர்களில் ஒருவனாக இருக்கலாம்.

"நான் இன்னும் சாப்பிடவேயில்லைங்க," என்றான். "ஏறுங்க, நனையறீங்க."